மூன்று பழைய செயின்சாக்களும் ஒரு விறகடுப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மைத்துனன் மூன்று படங்களை அனுப்பினான். மூன்றும் யாரோ விளம்பரம் செய்திருந்த பழைய செயின்சாக்கள், அதாவது எஞ்சினால் சங்கிலி சுழன்று மரம் அறுக்கும் ரம்பங்கள். ஹோம்லைட் எக்ஸ்எல்-12 ஒன்று, 40 டாலர், ‘அப்பாவுடையது, முன்பு ஓடிக்கொண்டிருந்தது’ என்ற குறிப்புடன். ஸ்டில் 041 ஏவி ஒன்று, 120 டாலர், ‘பிளக்கில் பொறி வருகிறது’. ஹஸ்க்வர்னா 61 ஒன்று, 150 டாலர், ‘ஓடுகிறது, சிறு வேலை இருக்கிறது’. அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி: “அத்தான், எதை எடுக்கலாம்?”

அவன் கனடாவில், பீட்டர்பரோவுக்கு வடக்கே மூன்று ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறான். வீட்டுக்குள் விறகடுப்பு இருக்கிறது. வெளியே மரம் மலைபோல் கிடக்கிறது. அதில் பாதி, 2022 மே 21 அன்று தெற்கு ஒன்ராறியோவைப் புரட்டிப்போட்ட சூறைக்காற்றில் சாய்ந்த மேப்பிள். மீதி, நின்றபடியே செத்துப்போன ஆஷ் மரங்கள். 2002-இல் வட அமெரிக்காவில் டெட்ராய்ட், வின்சர் பக்கம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரகதப்பச்சை வண்டின் புழு, பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து சுரங்கம் தோண்டி இந்த மாகாணத்து ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. ஆஷ் நல்ல விறகு. ஈரம் குறைவு, கோடரி பட்டதும் பிளந்துகொள்ளும். ஆனால் செத்து நிற்கிற ஆஷ் மரத்தைச் சாய்ப்பது ஆபத்து. அசைத்த மாத்திரத்தில் கிளைகள் முறுக்குபோல் ஒடிந்து தலையில் விழும். ‘நிற்பதைத் தொழில்காரர்களிடம் விட்டுவிடு, விழுந்து கிடப்பதை மட்டும் நீ அறு’ என்று முன்பே சொல்லியிருந்தேன்.

ஆகவே பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன்: “அறுப்பதற்கா, அலமாரியில் வைப்பதற்கா?”

“இரண்டுக்கும்தான்” என்றான்.

பழைய செயின்சா வாங்கக் கிளம்புகிற எல்லாரையும் கவிழ்ப்பது இந்த ‘இரண்டுக்கும்’தான். அலமாரிக்கு அழகு சேர்ப்பது பெரும்பாலும் கைக்கு ஆகாது. கையில் பிடித்து நாள் முழுக்க அறுக்கக்கூடியது அலமாரியில் வைத்தால் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டப்பாவாகத்தான் தெரியும். எனவே நான் அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். விறகு மட்டும்தான் தேவை, ஸ்பேனர் பிடிப்பதில் சுகம் இல்லை என்றால், ஐம்பது சிசி அளவில் உத்தரவாதத்தோடு ஒரு புதிய செயின்சாவை வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். பெரிய நிறுவனங்களின் மாடல்களை அச்சு அசலாகப் பார்த்துச் செய்து மலிவாக விற்கும் நகல் செயின்சாக்களும் உண்டு. ஓடுகிறவையும் இருக்கின்றன. ஆனால் எது ஓடும் என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரியும். என் மைத்துனன் பன்னிரண்டு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தவன். அவனுக்கு வேண்டியது விறகு மட்டுமல்ல.

எக்ஸ்எல்-12 பற்றி முதலில். படத்தைப் பார்த்ததும் என் மனம் தாவியது அதன் பக்கம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹோம்லைட் 1921-இல் பண்ணை வீடுகளுக்கு மின்விளக்கு எரிக்கும் சிறு ஜெனரேட்டர்கள் செய்யத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். பெயரிலேயே வீடும் விளக்கும் இருக்கின்றன. 1963-இல் அது எக்ஸ்எல்-12 ஐ வெளியிட்டது. கைடு பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் நீங்கலாக எடை சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோ. பெயரில் உள்ள 12 அதுதான். அதற்குச் சற்று முன்புவரை ஒற்றை ஆள் தூக்கும் செயின்சா என்றாலே இடுப்பு கேள்வி கேட்கும். 54 சிசி எஞ்சினை மெக்னீசியம் கூட்டுக்குள் அடக்கி, பண்ணைக்காரர் ஒரு கையில் தூக்கி டிரக்கில் போட்டுக்கொண்டு போகும்படி செய்தது பெரிய காரியம். ஆயிரக்கணக்கான கொட்டில்களில் அது இன்னும் தூங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுவே.

பழுது பார்க்கப் பழகுபவனுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. உள்ளே எலெக்ட்ரானிக் எதுவும் இல்லை. எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் பொறி பிறக்க மின்சாரத்தைத் தொட்டு விடுகிற சுவிட்சான பாயிண்டும், அதன் துணையான கண்டன்சரும். பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குப் பரிச்சயமான ஜோடி. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பொறி வராததற்கு முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: பாயிண்டின் இரு முகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் படிந்திருக்கும். ஒரு விசிட்டிங் கார்டை அவற்றுக்கு இடையே நுழைத்து இரண்டு முறை இழுத்தாலே பொறி திரும்பிவிடும். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அதே விசிட்டிங் கார்டைப் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே வைத்து காயிலை இறுக்கினால், அந்த இடைவெளியும் ஏறக்குறையச் சரியாக அமைந்துவிடும். பல்கலைக்கழகத்தில் படிக்காத மின்னியலை இந்த ஒரு பெட்டி சொல்லிக்கொடுக்கும்.

இனி அதன் மறுபக்கம். அதில் செயின் பிரேக் கிடையாது. கைடு பாரின் மூக்கு நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டுவிட்டால், செயின்சா கண் இமைப்பதற்குள் பின்னால் எகிறி முகத்தை நோக்கி வரும். இன்றைய செயின்சாக்களில் அந்த எகிறலே பிரேக்கைத் தட்டிச் சங்கிலியை நிறுத்திவிடும். எக்ஸ்எல்-12 இல் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இல்லை. எஞ்சினோடு கைப்பிடி நேரடியாக முறுக்கப்பட்டிருக்கிறது. அரை மணி நேரம் அறுத்துவிட்டு தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பாருங்கள், கோப்பை தந்தி வாசிக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிப்பட்ட செயின்சாக்களைப் பிடித்த காட்டுத் தொழிலாளர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. செயின்சா நிறுவனங்கள் 1960களின் நடுவில் அதிர்வு தாங்கும் கைப்பிடிகளைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்த விரல்கள் இருக்கின்றன. அதோடு சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும் கட்டைவிரலின் வேலை. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் கைடு பார் நீலம் பாய்ந்துவிடும்.

எரிபொருள் குழாயை மாற்றுவதில் ஒரு நூதனமான தொல்லையும் உண்டு. குழாய் தொட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு கார்புரேட்டர் இருக்கும் அறைக்குள் வருகிறது. அங்கே என் சுண்டுவிரல்கூட நுழையாது. மீன்முள் எடுக்கும் பொறுமையோடு நீண்ட இடுக்கியால் இழுக்க வேண்டும். சற்றுத் தடிப்பான குழாயை வாங்கிவிட்டால் ஒரு மாலைப்பொழுது அதிலேயே போய்விடும்.

எக்ஸ்எல்-12 இன் பேச்சு வந்தால் அதன் பங்காளியான மெக்குலக் 10-10 ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவும் 54 சிசி, அதுவும் 1960களின் பிறப்பு, மஞ்சள் நிறம், இன்னும் கொஞ்சம் முரட்டுக் குரல். நிறுவனத்தை நடத்திய ராபர்ட் மெக்குலக் சாதாரண ஆள் இல்லை. 1968-இல் லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, அரிசோனாப் பாலைவனத்தில் தான் உருவாக்கிய லேக் ஹவாசு ஊரில் கொண்டுபோய் மாட்டியவர். 1971-இல் அது அங்கே திறக்கப்பட்டது. பாலத்தைக் கழற்றி மாட்டியவரின் செயின்சாவைக் கழற்றி மாட்டுகிறோம் என்ற நினைப்பே ஒரு சுகம். சேகரிப்பாளர்களிடம் மெக்குலக்கின் பெரிய எஞ்சின்களுக்குக் கூடுதல் கிராக்கி. அந்தக் காலத்து கோ-கார்ட் பந்தய வண்டிகளில் மெக்குலக் எஞ்சின்கள் ஓடியதால், கார்ட் பைத்தியங்களும் போட்டிக்கு வந்து விலையை ஏற்றிவிடுவார்கள்.

ஆக, எக்ஸ்எல்-12 என்பது கற்றுக்கொள்வதற்கும் வைத்துக்கொள்வதற்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டையை அறுத்து அதன் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். குளிர்காலத்து விறகு முழுவதையும் அதன் தலையில் கட்டுவது முட்டாள்தனம்.

அடுத்தது ஸ்டில் 041 ஏவி. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம். 1959-இல் அவர்கள் வெளியிட்ட கான்ட்ரா, பற்சக்கரப் பெட்டி இல்லாமல் எஞ்சினிலிருந்து நேராகச் சங்கிலியைச் சுழற்றிய, 12 கிலோ எடையுள்ள இயந்திரம். ஒற்றை ஆள் மரம் வெட்டும் தொழிலையே அது மாற்றியது. 041 அந்த வம்சத்தில் பின்னால் வந்த பிள்ளை. 61 சிசி, கனமான உடம்பு, அவசரப்படாத குணம். பெயரிலுள்ள ‘ஏவி’ அதிர்வு தாங்கும் கைப்பிடியைக் குறிப்பது. ஹோம்லைட்டைப் பிடித்துவிட்டு இதைப் பிடித்தால் மாட்டுவண்டியிலிருந்து இறங்கி ரயிலில் ஏறியதுபோல் இருக்கும்.

எனக்கு 041 மேல் மரியாதை உண்டு, ஆசை இல்லை. காரணம் இக்னிஷன், அதாவது பொறி கொடுக்கும் அமைப்பு. 041-களில் சில பாயிண்ட் வைத்தவை, சில ஆரம்பகால எலெக்ட்ரானிக். இங்கேதான் பழைய செயின்சா உலகத்தின் தலைகீழ் நியாயம் வருகிறது. பாயிண்ட் பழையது, அடிக்கடி தொல்லை கொடுப்பது, ஆனால் எப்போதும் சரிசெய்யக்கூடியது. எலெக்ட்ரானிக் காயில் நாற்பது ஆண்டுகள் ஒரு சொல்லும் பேசாமல் உழைக்கும். ஒருநாள் செத்துவிடும். செத்ததைத் திறந்து பார்க்க முடியாது, பிசின் ஊற்றி மூடிய கட்டி அது. பழைய மாடலுக்குப் புதுக் காயில் தயாரிப்பில் இல்லையென்றால், இன்னொரு செத்த 041 ஐத் தேடி அலைய வேண்டும். அதன் காயில் உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கையில் பணம் கொடுக்க வேண்டும். ‘பிளக்கில் பொறி வருகிறது’ என்று விற்பவர் எழுதியிருந்ததே, அந்த மூன்று சொற்களும் 120 டாலரில் பாதி பெறும். ஆனால் பொறி குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகும் வருகிறதா? பழைய காயில்கள் சூடானதும் மயங்குவதில் பேர்போனவை. குளிரவைத்தால் மறுபடி எழுந்து உட்காரும். விற்பவரின் முற்றத்தில் இருபது நிமிடம் மரம் அறுத்துப் பார்க்க யார் விடுவார்கள்?

இனி ஹஸ்க்வர்னா 61. இதைப் பற்றி உணர்ச்சிகரமாக எழுத என்னால் முடியாது. 1689-இல் ஸ்வீடன் அரசருக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கி, 1959-இல் செயின்சாவுக்கு வந்த நிறுவனத்தின் 1980களின் வேலைக்குதிரை. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையில் ஸ்பேனரோடு அதன் முன் உட்கார்ந்தால், இதை வடிவமைத்தவர் ஒருநாள் இதைப் பழுது பார்க்கப் போகிறவனையும் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தோன்றும். அதிர்வு தாங்கும் அமைப்பு இருக்கிறது. பெரும்பாலானவற்றில் செயின் பிரேக் இருக்கிறது. எண்ணெய் தானாகவே சங்கிலிக்குப் போகிறது. காயில் எலெக்ட்ரானிக்தான், ஆனால் மாற்றுக் காயில் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

அதன் உண்மையான பெருமை குடும்பத்தில் இருக்கிறது. 61, 268, 272 மூன்றும் ஒரே கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) பிறந்தவை. மூன்றிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 34 மி.மீ. சிலிண்டரின் விட்டம் மட்டும் 48, 50, 52 மி.மீ. என்று ஏறுகிறது. கணக்குப் போட்டால் 61.5, 66.8, 72.2 சிசி வரும். இதன் பொருள் என்ன? 61 இன் சிலிண்டர் கீறிப்போய்க் கிடைத்தால் அது நஷ்டமல்ல, வாய்ப்பு. 272 இன் சிலிண்டரையும் பிஸ்டனையும் வாங்கி அதன்மேல் உட்காரவைத்தால், கொட்டிலில் கிடந்த பண்ணை செயின்சா தொழில்காரர்களின் செயின்சாவாக மாறிவிடும். கார்புரேட்டரைத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மாற்று உதிரிபாகங்களைப் பல கம்பெனிகள் இன்றும் செய்கின்றன. தரம் ஏறுக்குமாறாக இருக்கும். பிஸ்டன் வளையமும், பிஸ்டன் ஊசியைப் பிடிக்கும் சிறு கிளிப்பும் மட்டமாக இருந்தால் புது சிலிண்டரைக் கீறிவிடும். ஆகவே நகல் பிஸ்டன் வாங்கினாலும், கிளிப்பை மட்டுமாவது நல்லதாக வாங்குவது என் வழக்கம்.

அதன் பலவீனமும் தெரிந்த பலவீனம்தான். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருக்கும், அல்லது அதன் பட்டி தளர்ந்திருக்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே திருட்டுத்தனமாகப் போனால் கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது என்பதால் எண்ணெயும் குறையும். அப்புறம் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வதற்கு நேரம் பார்க்கத் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது என் சொந்தக் கதையை விழுங்கிவிட்டுப் போவது நியாயமில்லை. பெயர் வேண்டாம், ஒரு செயின்சா. பிஸ்டன் இறுகிப்போனது என்று சொல்லி 30 டாலருக்குக் கொடுத்தார்கள். புது பிஸ்டன் போட்டேன், சிலிண்டரைச் சுத்தம் செய்தேன், மூன்றாம் இழுப்பில் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காவது கட்டையில் குரல் மெல்ல உயர்ந்தது. வேகம் வந்துவிட்டதென்று மகிழ்ந்தேன். அது மகிழவேண்டிய குரல் இல்லை. ஐந்தாவது கட்டையில் நின்றுவிட்டது, கயிறு அசையவில்லை. முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்று கேட்காமல் இரண்டாவதைப் போட்டிருந்தேன். கிராங்க் தண்டின் ஒரு பக்கத்து ஆயில் சீல் கல்லாகிக் காற்று விட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, இறுகிப்போனது என்று எது வந்தாலும் முதலில் சைலன்சர் துளையையும் கார்புரேட்டர் துளையையும் ரப்பர்த் துண்டால் அடைத்துவிட்டு, உள்ளே அரை பார் அழுத்தம் ஏற்றி, முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறேன். இறங்கினால் சோப்பு நீர் தெளித்தால் போதும், குமிழி வருகிற இடமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிலிண்டரைச் சுத்தம் செய்வதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உருகி ஒட்டிய பிஸ்டன் அலுமினியத்தைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடவும் வழக்கம் எங்கும் இருக்கிறது. நிக்கல் கலந்த கடினப் பூச்சான நிக்கசில் பூசிய சிலிண்டரில், பஞ்சுக்குச்சியால் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டு எடுத்தால் சரி. பழைய செயின்சாக்களில் பல குரோம் பூசியவை. அமிலம் அந்தக் குரோமையும் தின்னும். மெக்னீசியம் கிராங்க்கேஸில் சிந்தினால் கேட்கவே வேண்டாம். அங்கே மணல்தாளும் பொறுமையும்தான்.

மூன்று விளம்பரங்களுக்கும் அப்பால், நான்காவதாக ஒரு சபலமும் இருக்கிறது. எங்கோ ஒருவர் கொட்டிலைக் காலி செய்கிறார், ‘எட்டு செயின்சா, இரண்டு பெட்டி உதிரிபாகம், மொத்தமாக எடுத்துக்கொள்’ என்பார். எட்டிலிருந்து மூன்றை ஓடவைத்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடும். எட்டும் எட்டு வெவ்வேறு மாடலாக இருந்தால் ஒன்றுகூடத் தேறாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று என்றால் யோசிக்கலாம். பீட்டர்பரோவிலேயே ஒரு காலத்தில் பயனியர் செயின்சாக்கள் தயாரானதால், அந்தப் பக்கத்துக் கொட்டில்களில் இப்படிப்பட்ட குவியல்கள் உண்டு. ஜான்சன், எவின்ரூட் படகு மோட்டார்கள் செய்த அதே நிறுவனத்தின் தயாரிப்பு. ஊர்ப்பாசத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உதிரிபாகத்துக்கு அலைவதை ஒரு பொழுதுபோக்காகவே ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் அது. 137 சிசி கொண்ட ஸ்டில் 090 போன்ற ராட்சதர்கள் மேல் கண் வைப்பவர்களும் உண்டு. பலகை அறுக்கிற ஆலை வைத்திருந்தால் சரி. விறகடுப்புக்கு அது யானையைக் கட்டிச் சுண்டல் விற்பது.

சரி, நேரில் போய்ப் பார்க்கும்போது என்ன செய்வது? மைத்துனனுக்கு நான் முதலில் சொன்னது: போனவுடன் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே சிலிண்டர்மேல் கையை வை. சுட்டால், நீ வருவதற்குள் அவர் அதை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார். குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிப்பதை மறைப்பதற்கு அது பழைய தந்திரம். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்துக்கொண்டு செயின்சாவை அப்படியே தொங்கவிடு. தன் எடைக்குக் கயிறு விறுவிறுவென்று அவிழ்ந்து தரையைத் தொட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) போய்விட்டது. திணறித் திணறி, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று நின்று இறங்கினால் நல்லது. மானி வைத்திருப்பவர்கள் 150 பி.எஸ்.ஐ. பார்த்தால் மகிழலாம். 120-க்குக் கீழே போனால் விலையைப் பேசலாம். ஆனால் கார் எஞ்சினுக்கான மானி சிறிய எஞ்சினில் குறைத்துக் காட்டும். வால்வு அதன் குழாயின் நுனியிலேயே இருக்கும் மானிதான் இதற்கு ஆகும்.

அப்புறம் இரண்டே திருகாணி, சைலன்சரைக் கழற்று. துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். பளபளப்பான, சீரான சாம்பல் நிறம் என்றால் அது நல்ல உடம்பு. செங்குத்தாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால், எண்ணெய் கலக்காத பெட்ரோல் குடித்ததோ, மேலே சொன்ன காற்றுத் திருட்டோ, இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. விற்பவர் சைலன்சரைக் கழற்றவே விடாவிட்டால், கழற்றிப் பார்த்தது போலத்தான்.

கார்புரேட்டரைப் பற்றி யாரும் அங்கே நின்று கவலைப்பட வேண்டியதில்லை. அது கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் அப்பளம்போல் விறைத்துவிடும், குழாய் தொட்டால் உதிரும். டயாஃப்ரம் கிட், எரிபொருள் குழாய், ஃபில்டர், பிளக் நான்கையும் விலையோடு சேர்த்துக்கொள்வது என் கணக்கு. அவற்றுக்குமேல் ஒரு புதிய சங்கிலி. மூன்றில் எதை வாங்கினாலும் இந்தச் செலவு ஒன்றுதான், ஆகவே ஒப்பிட இங்கே எதுவும் இல்லை. ஓடத் தொடங்கியதும் எத்தனால் இல்லாத எரிபொருள் கிடைத்தால் அதையே ஊற்றுவது நல்லது. தொட்டியின்மேல் ‘16:1’ (பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்) என்று பழைய ஒட்டுத்தாள் இருந்தால் மிரளவேண்டாம். அது அந்தக் காலத்து மோட்டார் எண்ணெய்க்கான கணக்கு. இன்றைய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் பழைய எஞ்சின்களுக்கு 32:1 ஊற்றுகிறேன், இதுவரை எதுவும் முறையிடவில்லை.

சங்கிலியைப் பற்றி ஒரு சிறு விலகல். செத்த ஆஷ் மரங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஜோசப் காக்ஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் ஒரிகனில் மரம் வெட்டியவர். 1946-இல் ஒரு நாள், ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று மரத்தை நார்வாட்டமாகவும் குறுக்காகவும் ஒரேபோல் சுரண்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்திருந்தன. அதே வளைவை எஃகில் செய்து சங்கிலியின் இரு பக்கமும் மாறி மாறிப் பொருத்தினார். இன்று உலகில் ஓடுகிற செயின்சா சங்கிலிகளின் மூதாதை அதுதான். ஒரு புழு மரங்களைக் கொன்று போடுகிறது, இன்னொரு புழுவின் பல்லால் அவற்றை விறகாக்குகிறோம். அந்தப் பல்லை அரம் போட்டுக் கூராக்கத் தெரியாதவருக்கு 272-உம் ஒன்றுதான், வெண்ணெய்க் கத்தியும் ஒன்றுதான். பழைய செயின்சா ‘சக்தி இல்லை’ என்று விற்கப்படும்போது பாதி நேரம் குறை எஞ்சினில் இல்லை, மழுங்கிய சங்கிலியில் இருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொன்னேன். விறகுக்கு 61. அதில் இரண்டு கருத்து இல்லை. 110 டாலர் வரை இறங்கக் கேள், செயின் பிரேக் தட்டினால் விழுகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதே. 041 ஐ விட்டுவிடு. அது கெட்டது என்பதால் அல்ல. 61 செய்கிற அதே வேலையைக் கூடுதல் எடையோடும் குறைந்த உதிரிபாகங்களோடும் செய்யும் என்பதால். எக்ஸ்எல்-12 ஐ இப்போது தொடாதே. ஒரு குளிர்காலம் 61 ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.

அவன் கேட்டுக்கொண்டான். சனிக்கிழமை பிற்பகல் 61 ஐ 125 டாலருக்கு எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ‘சிறு வேலை’ என்பது நான் நினைத்த அதே ரப்பர்க் குழாய்தான். ஞாயிறு காலை என் வாசலில் வண்டி நின்றது. டிக்கியைத் திறந்தான். பழைய துணி ஒன்றில் சுற்றி எக்ஸ்எல்-12.

“இதைத் தொடாதே என்று சொன்னேனே, தம்பி?”

“நான் தொடவில்லை, அத்தான். இது உங்களுக்கு. அந்தப் பெரியவர் 25 டாலர் போதும் என்றார். உங்கள் செய்தியில் இதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தீர்கள்.”

இப்போது அது என் மேசையில் கிடக்கிறது. கம்ப்ரஷன் இருக்கிறது, பொறி இல்லை. ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டேன், பாயிண்ட் பெட்டியின் மூடியை மட்டும் திறக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவன் வருகிறான். விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.